சொல்லப்படாத சட்டங்களின் நாட்டில்

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்த வாசக நேயர்கள் எங்கள் ஊரைக் கண்டிருப்பீர்கள். கள்ளக்குறிச்சிக்குச் சற்று முன்னே, சமவெளியில் திடீரென்று எழுந்து நிற்கும் பாறைக் குன்று; அதன் தலையில் சிதைந்த கோட்டை. அதுதான் தியாகதுருகம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஹைதர் அலியும் மாறி மாறி உரிமை கொண்டாடிய கோட்டை அது. இன்று அதைச் சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளைகின்றன. விளைச்சலை நம்ப முடியாத குடும்பத்துப் பிள்ளைகள் டிப்ளமோ படித்துவிட்டு ஊரைவிட்டுப் புறப்படுகிறார்கள்.

முன்பெல்லாம் புறப்பாடு என்றால் வளைகுடாதான். அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லித் தர ஒவ்வொரு தெருவிலும் அனுபவசாலிகள் இருந்தார்கள். என் அக்காள் மகன் ஜப்பானுக்குப் புறப்பட்டபோதோ சொல்லித் தர ஊரில் ஒருவரும் இல்லை. ஆகவே அந்தப் பொறுப்பை, மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இந்த மாமன் ஏற்றுக்கொண்டேன். ஜப்பானைப் பற்றி ஒன்றும் அறியாமலேயே ஏற்றுக்கொண்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அவன் ஒரகடத்தில் ஜப்பானியர் நடத்தும் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் மூன்றாண்டு வேலை பார்த்தவன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் யமஹா, கொமாட்சு முதலிய ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அவனுடைய ஆலையின் சுவரில் 'செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே' என்று ஐந்து சொற்களைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்களாம். வேண்டாததை நீக்கு, வேண்டியதை இடத்தில் வை, துப்புரவாக்கு, அந்த நிலையைக் காப்பாற்று, ஒழுங்கைப் பழக்கமாக்கு என்பது பொருள். சுவரில் எழுதிய சட்டத்தைக் கற்பது எளிது. எழுதாத சட்டம் ஒன்று உண்டு என்பது அங்கே தெரியவில்லை. ஏனெனில் முதலாளி ஜப்பானியர் என்றாலும் அக்கம்பக்கத்தில் நின்றவர் எல்லாரும் நம்மவர்.

2017 அக்டோபரில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே, தொழிற்பயிற்சியாளராக மூன்றாண்டு ஒப்பந்தத்தில் 2022 மே மாதம் அவன் ஐச்சி மாகாணத்துக்குச் சென்றான். ஜப்பானிய மொழித் தேர்வில் நான்காம் நிலை தேறியிருந்தான். வினைச்சொல் கடைசியில் வருவதிலும், வேற்றுமை உருபு போன்ற ஒட்டுகளிலும், பெரியவர்களுக்கெனத் தனி மரியாதைச் சொல் இருப்பதிலும் அந்த மொழி தமிழைப் போலவே இருப்பதாக வியந்தான். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்றே வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. அது கிடக்கட்டும்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு, இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து அவனுக்கு நான் சொன்ன புத்திமதி இதுதான்: "தம்பி, பேச்சைக் குறை. வேலையைச் செய். தொழுகையை விடாதே. ஆனால் அதை நாலு பேருக்கு விளம்பரம் செய்யாதே. உன்னால் எவருக்கும் தொந்தரவு வரக்கூடாது." சொல்லிவிட்டு, நல்ல உபதேசம் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினேன். அந்த உபதேசம் அவனை ஏறக்குறைய ஊருக்கே திருப்பி அனுப்பிவிடப் பார்த்தது என்பது எனக்குத் தெரிய இரண்டாண்டுகள் ஆயின.

2024 நவம்பரில், வல்ல அல்லாஹ்வின் அருளாலும் மருமகன் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டாலும் நான் ஜப்பான் மண்ணை மிதித்தேன். சிங்கப்பூரில் விமானம் மாறி நகோயாவில் இறங்கினேன். கடலுக்குள் செயற்கையாக எழுப்பிய தீவின் மீது 2005இல் திறக்கப்பட்ட விமான நிலையம் அது. அங்கிருந்து நகருக்கு ரயில். முதல் பெட்டியில் ஏறியதால் ஓட்டுநரைக் கண்ணாடி வழியே பார்க்க முடிந்தது. வெள்ளைக் கையுறை அணிந்த அந்த மனிதர் ஒவ்வொரு சமிக்ஞையையும் விரலால் சுட்டிக்காட்டித் தமக்குத் தாமே ஏதோ சொல்லிக்கொண்டார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. "கண் பார்த்ததை விரலும் வாயும் உறுதி செய்ய வேண்டும் மாமா, ஆலையிலும் இப்படித்தான்" என்றான் மருமகன்.

நல்லபடி வந்து சேர்ந்தேன் என்று அக்காவுக்குச் சொல்ல வேண்டாமா? ரயிலிலேயே செல்பேசியை எடுத்து, தியாகதுருகத்துக்குக் கேட்கும் குரலில் பேசினேன். எதிரே இருந்த பெண்மணி தரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கண்களை மூடிக்கொண்டார். மருமகன் என் முழங்காலை மெல்லத் தொட்டான். பேசி முடித்து, "ஏன், எவரும் ஒன்றும் சொல்லவில்லையே?" என்றேன்.

"மாமா, அதுதான் அவர்கள் சொன்னது."

ஜப்பானில் என் முதல் பாடம் அதுவே. காற்றைப் படித்தல் என்று அவர்கள் மொழியில் ஒரு வழக்கு உண்டாம். ஓர் இடத்தில் நுழைந்தவுடன், எவரும் வாய் திறப்பதற்கு முன்பே, அங்கே எது தகும் எது தகாது என்பதைச் சூழலிலிருந்து உணர்ந்துகொள்வது. அது தெரியாதவனைத் திட்ட மாட்டார்கள். தெரியாதவன் என்று மனத்தில் குறித்துக்கொள்வார்கள்.

இது நமக்கு முற்றிலும் புதியதா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் நின்று மூன்று முறை ஸலாம் சொல்லி அனுமதி கேட்டும் பதில் இல்லையெனில் முகம் சுளிக்காமல் திரும்பிவிட வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொள்ளும் பண்பு அது. நான் புதிதாக ஆசிரியப் பணியில் சேர்ந்தபோது, ஒரு மதரஸாவில், சாளரத்தின் ஓரம் காலியாகக் கிடந்த திண்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மூத்த ஹஜ்ரத் உள்ளே வந்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பாயின் மறு ஓரத்தில் அமர்ந்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. ஜப்பானிய அலுவலகத்திலும் வாசலுக்குத் தொலைவில் உள்ள இருக்கை மூத்தவருக்கும் விருந்தினருக்கும், வாசலை ஒட்டியது இளையவருக்கும் என்று வழக்கம் இருக்கிறது. நாற்காலியில் பெயர் எழுதி ஒட்டியிருக்காது.

மருமகனின் விடுதி அறையில் இன்னும் சில. வாசலில் ஒரு படி தாழ்ந்த இடம். செருப்பை அங்கேயே கழற்றி, நுனி வெளியே பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். இது பள்ளிவாசல் பழக்கம் உள்ள நமக்கு எளிது. கழிவறைக்கென்று தனியாக ஒரு ஜோடி செருப்பு அதன் வாசலிலேயே இருக்கும். வந்த முதல் வாரம், அந்தச் செருப்போடு மருமகன் உணவுக்கூடம் வரை நடந்துவிட்டானாம். எவரும் சிரிக்கவில்லை. மறுநாள் கழிவறைக் கதவில் செருப்புப் படம் போட்ட ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. "அந்தத் தாள் எனக்காகத்தான் என்று புரிந்துகொள்ள மூன்று நாள் ஆயிற்று" என்று சிரித்தான்.

ஆனால் சிரிக்க முடியாத கதை ஒன்றும் இருந்தது. அதை அவன் தானாகச் சொல்லவில்லை. அவனுடைய குழுத் தலைவர் மூலமே கேட்டேன்.

ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர் அவர். 'ஹன்ச்சோ' என்று அழைக்கிறார்கள். ஒரு குழுவின் தலைவர் என்று பொருள். ஆசிரியர் ஒருவர் உறவினரைப் பார்க்க இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார் என்று அறிந்ததும், விடுமுறை நாளில் விடுதிக்கு அருகே ஒரு தேநீர்க் கடைக்கு எங்களை அழைத்தார். ஏழு மணி என்றார். ஆறு ஐம்பத்தைந்துக்கு நாங்கள் சென்றபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பிலிருந்து குனிந்து வணங்கினார். இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. குனிவது நமக்குத் தொழுகையின் ஓர் அங்கம் அல்லவா? மருமகன் வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலையை மட்டும் சற்றே தாழ்த்தினான். நானும் அப்படியே செய்தேன். அவர் அதை மிக இயல்பாக ஏற்றுக்கொண்டார். தொடக்கத்திலேயே அவன் அதை விளக்கியிருந்தானாம். மற்றொன்றை மட்டும் விளக்காமல் விட்டிருந்தான்.

கோடையில் அங்கே பகல் நீளம். ஐந்து மணிக்கு வேலை முடித்துவிட்டு வந்து அஸர் தொழலாம். அக்டோபர் கடைசியில் நிலைமை மாறியது. நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. ஹனஃபி மத்ஹபின்படி அஸர் நேரம் மூன்றேகால் மணியளவில் தொடங்குகிறது. ஆக, அஸர் முழுவதும் வேலை நேரத்துக்குள் அடங்கிவிட்டது. மூன்று மணிக்குப் பத்து நிமிட இடைவேளை உண்டு. ஆனால் அப்போது வக்து வந்திருக்காது. மருமகன் என்ன செய்தான்? மாமன் சொன்னபடியே செய்தான். மூன்றரை மணி வாக்கில், இயந்திரத்துக்கு அச்சு மாற்றும் சில நிமிட ஓய்வில், எவரிடமும் சொல்லாமல் நழுவி, கழிவறையில் ஒளூச் செய்து, சரக்குப் பெட்டிகள் அடுக்கிய பகுதிக்குப் பின்னே நின்று தொழுதான். எட்டு நிமிடம். எவருக்கும் தொந்தரவு இல்லை. எவருக்கும் விளம்பரமும் இல்லை.

நவம்பர் 9 முதல் 15 வரை அந்த நாட்டில் தீத்தடுப்பு வாரம். 2022இல் அந்த வாரத்தின் ஒரு நாள், முன்னறிவிப்பின்றி ஆலையில் ஒத்திகைச் சங்கு ஒலித்தது. எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நின்று தலை எண்ண வேண்டும். எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது. மறுபடி எண்ணினார்கள். குழுத் தலைவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். நிலநடுக்கம் வாழ்வின் பகுதியாகிவிட்ட நாட்டில் ஒரு தலை குறைவது எத்தனை பெரிய செய்தி என்பதை நாம் யூகிக்கலாம். அதிலும் அந்தப் பெட்டி அடுக்குப் பகுதி, ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் பின்னோக்கி வரும் பாதை.

மருமகன் தொழுது முடித்து வெளியே வந்தபோது நூற்றுக்கணக்கானோர் முற்றத்தில் காத்திருந்தார்கள். "மன்னிக்க வேண்டும்" என்று பலமுறை சொன்னான். எங்கே போயிருந்தாய் என்று ஒருவர் கேட்டார். "கழிவறை" என்றான். தலைவர் தலையசைத்தார். அவ்வளவுதான். திட்டு இல்லை; விசாரணை இல்லை; அபராதம் இல்லை. பிழைத்தோம் என்று எண்ணிக்கொண்டான்.

மறுநாள் அவனை இயந்திரத்திலிருந்து எடுத்துப் பெட்டி மடிக்கும் மேசையில் நிறுத்தினார்கள். ஒரு வாரத்துக்கு என்று நினைத்தான். நான்கு மாதம் அங்கேயே நின்றான். புது இயந்திரம் வந்தபோது அவனுக்குப் பின் சேர்ந்த வியட்நாம் இளைஞனுக்குப் பயிற்சி தந்தார்கள். காலையில் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள், மாலையில் "உழைத்துக் களைத்தீர்கள்" என்று வழக்கமான சொல்லைச் சொன்னார்கள், புன்னகையில் குறையில்லை. வேலை மட்டும் அவனை விட்டு விலகிச் சென்றது. தொழிற்பயிற்சி ஒப்பந்தத்தில் விரும்பியபடி வேறு முதலாளியிடம் போகவும் வழியில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு நாள் அக்காவிடம் அழுதிருக்கிறான். அக்கா என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. நான் கவலைப்படுவேனாம்!

அவனைக் கரையேற்றியவர், வேறு பிரிவில் ஆறாண்டுகளாக வேலை செய்த ஓர் இந்தோனேசியச் சகோதரர். நகோயா பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின் சந்தித்தபோது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "நீ ஹோரென்சோ செய்தாயா?"

ஹோரென்சோ என்றால் அவர்கள் மொழியில் பசலை போன்ற ஒரு கீரை. ஆனால் அதே ஒலியில் மூன்று சொற்களின் தலைப்பெழுத்துகளும் அடங்குகின்றன: ஹோகோகு, செய்ததைத் தெரிவிப்பது, ரென்ராகு, நிலவரத்தை உரியவர்களுக்குச் சொல்லி வைப்பது, சோதான், முடிவு செய்யும் முன் ஆலோசனை கேட்பது. 1980களில் பங்கு வணிக நிறுவனத் தலைவர் ஒருவர் பரப்பிய இந்தச் சொல் விளையாட்டு, இன்று ஜப்பானிய வேலையிடங்களில் புதிதாகச் சேர்பவனின் அரிச்சுவடி. நம் ஊரில் நல்ல வேலைக்காரன் என்றால் முதலாளியைத் தொல்லை செய்யாமல் தானே முடித்துவிடுபவன். அங்கே, தானே முடித்துவிட்டுச் சொல்லாமல் இருப்பவன் பயமூட்டுகிறவன். பாதி முடிந்தபோது ஒருமுறை, தவறு நேர்ந்தவுடனே ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சைக் குறை என்ற என் உபதேசம் எங்கே போய் மோதியது என்று பாருங்கள்.

2023 மார்ச்சில் ஒரு மாலை, எல்லோரும் போன பிறகு, மருமகன் தலைவரிடம் சென்று அந்த இந்தோனேசியச் சகோதரர் சொல்லிக் கொடுத்தபடி, "உங்களிடம் ஆலோசனை கேட்க வேண்டும்" என்றானாம். கோரிக்கை என்று சொல்லவில்லை, உரிமை என்று சொல்லவில்லை, ஆலோசனை. தொழுகை என்றால் என்ன, எத்தனை நிமிடம், எந்தெந்த மாதங்களில் எந்த நேரத்தில் சிக்கல் வரும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான். ஒத்திகை நாளில் பொய் சொன்னதையும் சொன்னான்.

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டு, தேநீர்க் கடையில் அந்த மனிதரிடம் கேட்டேன்: "நான்கு மாதம் ஏன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?" மருமகன் மொழிபெயர்க்கத் தயங்கினான். நான் வற்புறுத்தினேன். அது அந்த நாட்டு முறையன்று என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது.

அவர் கோப்பையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உடம்புக்கு ஏதோ என்று நினைத்தேன். அல்லது வேலை பிடிக்காமல் எங்கோ போய்ச் செல்பேசி பார்க்கிறான் என்று நினைத்தேன். கேட்டால் அவனுக்கு வெட்கமாகிவிடும். அவனே சொல்வான் என்று காத்திருந்தேன். அதுவரை ஆபத்தில்லாத மேசையில் வைத்தேன்."

நான் என் பங்கைச் சொன்னேன். எவருக்கும் தொந்தரவு தராதே என்று சொல்லி அனுப்பியவன் நான்தான் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "மெய்வாகு" என்றார். பிறருக்குத் தொந்தரவு தராதே என்று ஜப்பானியத் தாய்மார் தம் பிள்ளைகளுக்கு நடக்கத் தொடங்கும் வயதிலிருந்து சொல்வதும் அதே சொல்தானாம். ஆக, அவனும் தொந்தரவு தரக்கூடாதென்று வாய் திறக்கவில்லை. இவரும் தொந்தரவு தரக்கூடாதென்று வாய் திறக்கவில்லை. இரண்டு நல்ல வளர்ப்புகள் நான்கு மாதம் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று சந்தேகப்பட்டிருக்கின்றன!

தாளை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். மூன்றாம் நாள் உடை மாற்றும் அறையின் ஒரு மூலையில் இருந்த பெட்டிகள் அப்புறப்படுத்தப்பட்டிருந்தன. "மூன்று மணி இடைவேளையில் நீ மற்றவன் இடத்தில் நில், மூன்றரைக்கு அவன் உன் இடத்தில் நிற்பான்" என்றார். பலகையில் அவனுடைய பெயர் எழுதிய காந்த வில்லையை அந்தப் பத்து நிமிடமும் 'தொழுகை' என்ற கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். எங்கே இருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்; அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றே. ஏப்ரலில் இயந்திரத்துக்குத் திரும்பினான்.

வாசக நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் எவரேனும் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் இன்னும் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். அவர்கள் 'ஹாய்' என்று சொல்வதை நாம் 'ஆம்' என்று படிக்கிறோம். பேச்சின் நடுவே சொல்லும் 'ஹாய்', கதை கேட்கும் பிள்ளை 'உம்' கொட்டுவதைப் போன்றது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதே அதன் பொருள், சம்மதம் அன்று. நாம் பக்கவாட்டில் தலையை ஆட்டும் ஆட்டமோ அவர்களைத் திகைக்க வைத்துவிடுகிறது. ஆமா, இல்லையா என்று தெரியாமல் விழிப்பார்கள். புரியாதபோது நம் பிள்ளைகள் மரியாதைக்காகத் தலையாட்டுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினால் போதும்.

அவர்கள் 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். 'ச்சோத்தோ...' என்று இழுப்பார்கள். 'கொஞ்சம்...' என்று பொருள். வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். 'அது கடினம்' என்பார்கள். முடியாது என்று அறிக. 'பரிசீலிக்கிறோம்' என்றாலும் பெரும்பாலும் அதே. இதைச் சொன்னபோது மருமகன் என்னைப் பார்த்துக் குறும்பாகச் சிரித்தான். "நம்மூரில் கொடுக்கல் வாங்கலில் சிலர் 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்வது போல மாமா." வெட்கத்தோடு ஒப்புக்கொண்டேன். இறைவனின் திருநாமத்தோடு கூடிய உறுதிமொழியை மறுப்புக்குத் திரையாக்கியவர்கள் நாம்.

டிசம்பரில் ஆண்டிறுதி விருந்து வரும். அதில் மது உண்டு. ஒருவர் கோப்பையை மற்றவர் நிரப்புவதும், இளையவர் மூத்தவருக்கு ஊற்றுவதும் வழக்கம். அருந்துவது மட்டுமன்று, ஊற்றிக் கொடுப்பதும் நமக்குக் கூடாது. மருமகன் முதல் ஆண்டு அந்த விருந்துக்கே போகவில்லை. பெட்டி மடித்த காலம் அது, ஒதுங்கல் இன்னும் கூடிற்று. இரண்டாம் ஆண்டு, ஒரு வாரம் முன்பே தலைவரிடம் சொன்னான். பக்கத்தில் ஒரு பெரிய குவளை ஊலாங் தேநீர் வைத்துக்கொண்டு, மது அருந்தாத மற்ற மூவருக்கும் அவன் ஊற்றிக் கொடுத்தான். அந்த மூவர் இருப்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்ததாம்! உணவில் மட்டும் கவனம் வேண்டும்: 'மிரின்' என்ற சமையல் மது பல குழம்புகளில் சேர்கிறது. மீனைக் கேட்டு வாங்கினாலும் அதன் சாறு என்ன என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று: விடுப்பில் ஊர் போய்த் திரும்பினால் வெறுங்கையோடு போகக்கூடாது. சிறு தின்பண்டம், விலை முக்கியமில்லை, ஒவ்வொருவருக்கும் ஒன்றாகத் தனித்தனியே உறையிட்டிருக்க வேண்டும். நான் இல்லாத நாட்களில் என் வேலையைச் சுமந்தீர்கள் என்று சொல்லும் முறை அது. அக்கா தந்தனுப்பிய அல்வாவை நான் ஒரே கட்டியாகக் கொண்டு போயிருந்தேன். மருமகன் இரவு முழுவதும் அதைத் துண்டு போட்டுத் தாளில் சுற்றினான்.

அந்த நாட்டை மெச்சி எழுதுவதே இந்தக் கட்டுரை என்று எவரும் கருத வேண்டாம். காற்றைப் படிக்கும் பழக்கத்துக்குக் கொடிய முகம் ஒன்றும் உண்டு. மேலதிகாரி எழும் வரை எழக்கூடாது என்ற எழுதாத சட்டத்தால் இரவெல்லாம் வேலை செய்து மாண்டவர்கள் உண்டு. அதிக வேலையால் நேரும் மரணத்துக்கு 'கரோஷி' என்று அவர்கள் மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது. 2019 முதல்தான் கூடுதல் வேலைக்கு மாதம் 45 மணி நேரம், ஆண்டுக்கு 360 மணி நேரம் என்று சட்டம் பொது வரம்பு கட்டியது. தொழிற்பயிற்சித் திட்டத்திலும் முறைகேடுகள் மலிந்து, இளைஞர்கள் ஓடிப்போகும் அளவுக்கு ஆனதால், 2024 ஜூனில் அதை மாற்றி வேறு திட்டம் கொண்டுவரச் சட்டம் இயற்றினார்கள். என் மருமகனுக்கு நல்ல மனிதர் ஒருவர் தலைவராக வாய்த்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று நான் எழுத மாட்டேன்.

எனக்கு மனம் நிறையாத செய்தி ஒன்றும் இருக்கிறது. அந்த ஆலையில் ஒரு வாரம் காலை முறை, மறு வாரம் மாலை முறை. மாலை முறை வாரத்தில் ஜும்ஆவுக்குத் தடையில்லை. அப்படியொரு வெள்ளியன்று நானும் அவனோடு நகோயா பள்ளிவாசலுக்குச் சென்றேன். போருக்கு முன் அந்நகரில் இருந்த பள்ளி குண்டுவீச்சில் அழிந்துவிட, இப்போதுள்ளது 1998இல் எழுந்தது. பாகிஸ்தானியர், இந்தோனேசியர், வங்காளிகள், சில ஜப்பானியச் சகோதரர்கள் என்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். ஆனால் காலை முறை வெள்ளிகள்? அதையும் அவன் ஆலோசனையாகக் கேட்டிருக்கிறான். தலைவர் பற்களின் இடையே காற்றை உறிஞ்சி, "கடினம்" என்றாராம். அவ்வளவுதான், மறுபடி அந்தப் பேச்சு எழவில்லை. ஆண்டுக்குக் கிடைக்கும் ஊதிய விடுப்பை அரை அரை நாளாக உடைத்துச் சில வெள்ளிகளுக்குச் செலவிடுகிறான். மற்ற வெள்ளிகளில் லுஹர் தொழுகிறான். ஊரில் பிள்ளைக்கு மார்க்கம் கற்பித்தவன் என்ற முறையில் இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. எனினும் பெட்டிக்குப் பின்னே ஒளிந்து தொழுத பிள்ளை இன்று பலகையில் பெயர் நகர்த்தித் தொழுகிறான் என்பதும் உண்மை.

ஒரு ஞாயிறன்று கோபே நகருக்குப் போனோம். ஜப்பானின் முதல் பள்ளிவாசல் அங்கேதான், 1935இல் திறக்கப்பட்டது. துறைமுகத்தில் வணிகம் செய்த நம் இந்திய முஸ்லிம்களும் துருக்கிய தாத்தாரியரும் பொருள் தந்து கட்டியது. 1945 குண்டுவீச்சில் சுற்றிலும் நகரம் கரியானபோதும், 6,400க்கு மேற்பட்டோர் மாண்ட 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தின்போதும் அது நின்றது. இரட்டை மினாராக்களின் கீழ் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடினேன். நான் கழற்றிப் போட்டிருந்தபடி அது இல்லை. எவரோ நுனியை வெளிப்பக்கம் திருப்பி, ஜோடியாகச் சேர்த்து வைத்திருந்தார்.

ஊர் திரும்பும் நாளில் குழுத் தலைவர் ரயில் நிலையத்துக்கு வந்தார். கையில் ஓர் இனிப்புப் பெட்டி. அதன் பின்புறத்தில் சேர்மானங்கள் அச்சிட்ட பகுதியில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் சிறு குறியிட்டிருந்தார். பன்றிக் கொழுப்பும் மதுவும் இல்லை என்று கடையில் விசாரித்துக் குறித்தாராம். பிறகு சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, அடுத்த ஆண்டு நோன்பு மாதம் எந்தத் தேதியில் தொடங்கும் என்று கேட்டார். வேலை முறைப் பட்டியல் முன்கூட்டியே போட வேண்டுமாம்.

மார்ச் முதல் தேதியாக இருக்கலாம், இரண்டாம் தேதியாகவும் இருக்கலாம், பிறை தெரிவதைப் பொறுத்தது என்றேன். எப்போது உறுதியாகத் தெரியும் என்றார். முந்தைய நாள் மாலை என்றேன். ஒரு நிமிட நேரத்தையும் பலகையில் எழுதி வைக்கும் அந்த மனிதர் என்னையே பார்த்தார். 'கடினம்' என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு தேதிகளையும் எழுதி, இரண்டுக்கும் எதிரே பென்சிலால் கேள்விக்குறி இட்டார்.

2025 பிப்ரவரி 28, வெள்ளி மாலை, பிறை தெரிந்ததா என்று மருமகனின் செல்பேசிக்கு அவரிடமிருந்து செய்தி வந்ததாம். இங்கே தெரியவில்லை, ஞாயிறன்றுதான் தொடக்கம் என்று அவன் எழுதினான். முதல் கேள்விக்குறியை அழித்துவிட்டேன் என்று பதில் வந்தது.